இரண்டே முக்கால் கிலோ பூனை

வாங்குவதற்கு முன் ஆராய்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்தவர்தான். இவர் ஆராய்வார், வாங்கமாட்டார்.

காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டில் அவருக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர். அவருடைய பூனை வெளிக்குப் போகும் மணல் தட்டு விரிசல் விட்டு, குளியலறை வாசலெல்லாம் மணலாகி, அது மனைவியின் செருப்புக்குள்ளும் நெறுநெறுத்த அன்று புதுத் தட்டு வாங்க முடிவானது. அது நடந்து நான்கு மாதம்.

கையால் அள்ளிக் கொட்டும் சாதாரணத் தட்டா, பூனை இறங்கியதும் தானே சுழன்று சுத்தம் செய்துகொள்ளும் இயந்திரமா? நானூறு விமர்சனம் படித்தார், அட்டவணை போட்டார், இயந்திரம் சுழலும் சத்தத்தை ஹெட்போனில் கேட்டார், பூனைக்கும் மாட்டிப் பார்த்தார். அதுவரை அள்ளியது யார்?

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"அவசரப்படாதே. சாதாத் தட்டுன்னா குனிஞ்சு அள்ளணும், இடுப்பு போயிடும்."

"யார் இடுப்பு?"

அந்தக் கட்டம் அட்டவணையில் இல்லை.

ஒருவழியாக இயந்திரத்தின் பக்கம் சாய்ந்தபோது சிறிய எழுத்தில் ஒரு வரி தடுத்தது: மூன்று கிலோவுக்குக் குறைந்த எதையும் இயந்திரம் பூனையாக மதிக்காது. இவர் பூனை இரண்டே முக்கால். இன்னொருவராக இருந்தால் வேறு இயந்திரம் பார்த்திருப்பார். இவர் பூனைக்கு நான்கு வேளைச் சாப்பாடு போட்டார். மூன்று கிலோ தாண்டியதும் வாங்கினாரா? அதற்குள் புது மாடல் வரப்போகிறதாம். அவர் காத்திருந்தார்; பூனை தின்றுகொண்டே காத்திருந்தது.

மனைவி கெடு வைத்தார். சனிக்கிழமைக்குள் வாங்காவிட்டால் பூனை மனைவியின் அண்ணன் வீட்டுக்கு. பூனை மடியில் இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்குச் செய்தித்தாள்கூடப் புரியாது. வெள்ளி இரவு வரை வாங்கும் பொத்தானுக்கு மேலேயே விரலை வைத்திருந்தார். அழுத்தவில்லை.

சனிக்கிழமை மச்சான் கூடையோடு வந்தார். பூனையின் தலை நுழைந்தது, முன்கால்கள் நுழைந்தன. மிச்சம் வெளியிலேயே நின்றுவிட்டது.

"மாப்ள, இது பூனையா, தலகாணியா?"

"அஞ்சேகால் கிலோ, மச்சான்." குரலில் பெருமை.

மனைவி துணி ஊறவைக்கும் பழைய டப்பின் ஒரு பக்கத்தை வாசல்போல வெட்டினார், மணலைக் கொட்டினார், வைத்தார். பூனை ஏறியது, ஒரு சுற்று சுற்றியது, வந்த வேலையை முடித்தது.

"ஆனா இதுக்கு மூடி இருந்தா நல்லதா, இல்லேன்னா நல்லதா?" என்று ஆராய்ச்சி கைப்பேசியை எடுத்தார்.

"அண்ணா, பூனை இங்கேயே இருக்கட்டும். இவரைக் கூட்டிட்டுப் போ."

மச்சான் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நாலு பேர்கிட்ட விசாரிச்சிட்டுச் சொல்றேன்மா."

சிரித்தாகிவிட்டதா? நல்லது. இப்போது உங்கள் சமையலறைக்குப் போங்கள். கைப்பிடி உடைந்த குக்கரை அங்கே ஒருவர் ஆறு மாதமாகத் துணி சுற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார். புதியது எப்போது வரும் என்று அவர் கேட்டால், என்ன சொல்வீர்கள்?