கடம் காத்த சங்கம்

ஓர் இசைக் கலைஞரின் வாத்தியத்துக்கு அவர் இறந்த பிறகுதான் உண்மையான பாதுகாப்புக் கிடைக்கிறது. அதுவரை அவர் அதை அடித்துக்கொண்டே இருக்கிறார். இந்த மகத்தான உண்மையைக் கண்டறிந்து, தீர்மானமாகவும் நிறைவேற்றிய பெருமை திருவேற்காடு ஸ்ரீ சௌபாக்யா அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கத்தையே சேரும். மதுரையில் மூன்று சங்கங்கள் இருந்தும் ஒன்றுக்காவது இது தோன்றியதா?

சங்கம் என்றால் செயலாளர் ஏகாம்பரம்தான். தலைவர் சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். பொருளாளர் யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஏகாம்பரம் அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் கோப்பு பார்த்தவர். ஓய்வு பெற்ற அன்று கோப்புகளுக்குத்தான் ஓய்வு கிடைத்தது. பச்சை மைப் பேனாவை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அந்த அடுக்ககத்தின் பி பிளாக் மூன்றாம் மாடியில் கட வித்வான் உலகநாதன் இருந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிய கை. மாலையானால் அதே கை கடத்தின் மேல் ஓடும். அவர் உயிரோடிருந்த காலத்திலும் சங்கம் அவரை ஒரு நாளும் கவனிக்காமல் விட்டதில்லை. இடையறாத கடிதத் தொடர்பு இருந்தது. எல்லாக் கடிதங்களும் சங்கத்தின் பக்கத்திலிருந்துதான் போயின. பதில் போடும் பழக்கம் வித்வானுக்கு இல்லை. கலைஞர்கள் அப்படித்தான் என்று ஏகாம்பரம் பெருந்தன்மையாக மன்னித்திருந்தார்.

போன ஆனி மாதம் உலகநாதன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். சங்கத்தின் கலைத்தொண்டு அன்றைக்கே தொடங்கிவிட்டது.

ஒரே மகள் கனிமொழிதான் கொள்ளி வைத்தாள். தோளில் தண்ணீர்க் குடத்தோடு அவள் சுற்றிவர, பின்னால் நிற்பவர் கத்தியால் குடத்தில் ஓட்டை போட வேண்டும். சுற்றி முடித்ததும் அதைப் போட்டு உடைக்க வேண்டும். காரிய ஏற்பாடு பார்த்த வரதன் கத்தியின் முனையால் ஓங்கி ஒரு போடு போட்டான்.

'ணங்ங்ங்!'

சுடுகாடே திரும்பிப் பார்த்தது. குடத்தில் ஓட்டை விழவில்லை.

"இன்னாது இது, பானையா இரும்பா?" என்று வரதன் இன்னொன்று போட்டான். 'ணங்ங்ங்!' மாலையும் கையுமாக நின்ற ஏகாம்பரத்துக்கு மெய் சிலிர்த்தது.

அதுவரை கண்ணீரும் கம்பலையுமாக வந்துகொண்டிருந்த கனிமொழி சட்டென்று நின்றாள். "நிறுத்துங்கண்ணா! இது குடம் இல்ல. அப்பாவோட கடம்!"

"ஊட்ல பரண் மேல மூணு பானை சும்மா கெடந்துச்சு. எதுக்கு இன்னொண்ணு வாங்கிக்கினுன்னு எட்த்துகினு வந்தேம்மா" என்றான் வரதன். "நானும் அம்பது சாவு பாத்துகீறேன். இப்படி அடங்காத பானைய பாத்ததே இல்ல."

ஆள் அனுப்பி வேறு குடம் வாங்கி வந்து, அது முதல் குத்திலேயே கண்ணியமாக ஓட்டையாகி, காரியம் முடிந்தது. ஆனால் ஏகாம்பரத்தின் நெஞ்சு ஆறவில்லை. பொக்கிஷத்தின் அருமை தெரியாத குடும்பம்! இவர்களிடம் மற்ற இரண்டும் இருந்தால் என்ன கதியாகும்? இத்தனைக்கும் குடும்பத்தில் ஒருத்தி கத்தியைத் தடுத்ததை அவர் கண்ணாலேயே பார்த்தார். ஆனால் சங்கக் கோப்புக்கு அவர் எழுதிய குறிப்பில் அதற்கு இடமில்லை.

பதினாறாம் நாள் 'கலைப் பொக்கிஷ மீட்பு மற்றும் பாதுகாப்புக் குழு' அமைந்தது. அமைப்பாளர் ஏகாம்பரம். உறுப்பினர் ஏ பிளாக் விஷால். விஷால் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். எதையும் கட்டம் போட்டு எண் கொடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டால் அது சாகாது என்று நம்புகிறவன். இருவரும் மூன்றாம் மாடிக்குப் போய், உலகநாதனின் மனைவி பூங்காவனத்திடம் ஒரு தாளை நீட்டினார்கள்.

"இதுல இன்னா எழ்திகீது சார்?"

"கடங்களைப் பாதுகாப்புக்காகச் சங்கம் எடுத்துக்கிறதுன்னு எழுதியிருக்கும்மா."

"பாதுகாப்பா? யார்கிட்டேர்ந்து?"

இந்தக் கேள்வி ஏகாம்பரத்துக்குப் புரியவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். புருஷனைப் பறிகொடுத்த அசதியில் அவரும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கிளப் ஹவுசில் வைக்கச் செய்த கண்ணாடிப் பெட்டியில் ஒரு கடத்துக்குத்தான் இடம் இருந்தது. ஆகவே கத்திக் குத்துப் பட்ட, ஒரு கட்டை சுருதிக் கடம், மணி பிளான்ட் வைக்க வரவேற்பறைக்கு 'அயல்பணி'யில் அனுப்பப்பட்டது. இரண்டாவது, ஜெனரேட்டர் பக்கத்தில் தீயணைப்பு மணல் சுமக்கும் பொறுப்பை ஏற்றது. மூன்றாவதுதான் அஞ்சரைக் கட்டைக் கடம். உலகநாதன் வீட்டில் தினமும் பழகியது இதில்தான். அதுவே பெட்டிக்குத் தேர்வானது.

விஷால் அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தான். "அங்கிள், உள்ள முழுக்கப் பேப்பர் திணிச்சிருக்கு. எடுத்துடவா?"

"ஐயையோ! தொடாதே!" என்று பதறினார் ஏகாம்பரம். "அருங்காட்சியகத்துல அசல் நிலைன்னு ஒண்ணு இருக்குப்பா. வித்வான் எப்படி விட்டாரோ அப்படியே இருக்கணும்."

அன்றே தீர்மானம் எழுதினார்: 'கடம் எண் மூன்றும் அதன் உள்ளடக்கமும் சங்கத்தின் நிரந்தரக் காட்சிப் பொருள்கள். இவற்றை எக்காரணம் கொண்டும், எவர் உத்தரவின் பேரிலும், அமைப்பாளர் உட்பட, அகற்றலாகாது.' அமைப்பாளர் உட்பட என்ற சொற்களை எழுதும்போது தன் நேர்மையை நினைத்து அவருக்கே கண் கலங்கியது. பெட்டிக்கு மேலே பதிக்கக் கிரானைட் பலகைக்கும் வாசகம் தயாரித்தார். 'அமரர் உலகநாதனின் இசைக்கு இச்சங்கம் ஆற்றிய தொண்டுக்கு இதுவே சாட்சி.' மூன்று இரவு கண் விழித்து இயற்றியது. பூந்தமல்லியில் கொடுத்து ஆழமாக வெட்டச் சொன்னார்.

இந்த நேரம் பார்த்துத்தான் புகுந்த வீடான வேப்பம்பட்டிலிருந்து கனிமொழி வந்து நின்றாள்.

"சார், வர்ற ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அம்பத்தூர் கோயில்ல கச்சேரி. அப்பா ஒத்துக்கிட்டது. பாடுற அம்மா, 'உங்கப்பா இடத்துல நீயே உக்காரு'ன்னுட்டாங்க. எனக்கு முதல் மேடை சார். அவங்களுக்கு சுருதி அஞ்சரை. அந்தக் கடத்தை மட்டும் குடுங்க."

"இன்னும் ரெண்டு இருக்கேம்மா. பணியிலிருந்து விடுவிக்க ஏற்பாடு செய்யறேன்."

"அது ரெண்டும் ஆம்பளைக் குரலுக்கு சார். ஒண்ணு ஒரு கட்டை, இன்னொண்ணு ரெண்டு கட்டை. சுருதியை ஏத்தி இறக்கக் கடத்துக்கு முடுக்காணி கிடையாது. சூளையிலேர்ந்து வந்த சுருதிதான் கடைசி வரைக்கும்."

ஏகாம்பரம் யோசித்தார். "பாடுற அம்மாவைக் கொஞ்சம் இறங்கி வரச் சொல்லலாமே? ஒரு பொதுக் காரியத்துக்காக."

"சார்!"

"சரி, புதுசு ஒண்ணு வாங்கிடு."

"அஞ்சரைக்கு அச்சா நிக்கிற கடம் நூறு தட்டினா ஒண்ணு கிடைக்கும். நாலு நாள்ல எங்க போவேன்? என் கையில கடம் இல்லேன்னா வேற ஆளை உக்கார வெக்கப் போறாங்க. அவரு இப்பவே ரெடியா இருக்காரு."

அவள் குரல் உடைந்தது. ஏகாம்பரத்துக்கும் மனம் இளகத்தான் செய்தது. இளகிய மனத்தோடு ஒரு படிவத்தை எடுத்தார். "அமரருக்கு நீ என்ன உறவுன்னு இதுல எழுது."

"மகள் சார். எங்க கல்யாணத்துக்கு நீங்க வந்து சாப்பிட்டீங்க."

"சாப்பிட்டது சான்றாகாதும்மா." படிவத்தை வாங்கி மேலே பச்சை மையில் 'பொதுக்குழுவின் பார்வைக்கு' என்று எழுதினார். அடுத்த பொதுக்குழு பங்குனியில். "ஞாயிறு காலையில திறப்பு விழா. நீயும் அம்மாவும் முன்வரிசையில உக்காந்து உங்கப்பா கடத்தைக் கண்குளிரப் பாருங்க. கண்ணாடி வழியாத்தான்."

ஞாயிறு வந்தது. சிறப்பு விருந்தினர் பூந்தமல்லி ஜஸ்டின். மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். ஒலித்துறையில் நாற்பது ஆண்டு அனுபவம் என்று அழைப்பிதழ் கூறியது. அவரே ஸ்பீக்கரும் கொண்டுவந்துவிடுவார் என்ற கூடுதல் தகுதியும் அவருக்கு இருந்தது. பிளாக்குக்கு ஒன்றாக நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்.

மகளும் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கனிமொழி மடியில் ஒரு பெரிய டர்க்கி டவல். எதற்கு என்று ஏகாம்பரம் கேட்கவில்லை. அழுவதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பேசத் தொடங்கினார். கலையைப் போற்றும் சமூகமே வாழும் என்றார். இந்தக் கடத்தின் நாதம் இந்தச் சுவர்களுக்குள் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்றார். உலகநாதன் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கும் இரண்டாம் மாடிக்காரர்கள் கை தட்டினார்கள்.

ஜஸ்டின் ரிப்பனை வெட்டினார். பெட்டியைத் திறந்தார். அதோடு உட்கார வேண்டியவர் மைக்கைக் கடத்தின் பக்கத்தில் கொண்டுபோனார்.

"டெஸ்டிங் பண்ணாம நா எதையும் ஓப்பன் பண்றதில்ல அண்ணாத்தே. அது நம்ம தொழில் தர்மம்."

விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

'டொப்.'

நாலு பிளாக்கிலும் 'டொப்' கேட்டது.

"இன்னா சார் இது?" என்றார் ஜஸ்டின் மைக்கிலேயே. "அவரோட சேத்து இதுவும் பூட்ச்சா?"

கூட்டம் சலசலத்தது. ஏகாம்பரத்துக்கு வேர்த்துக் கொட்டியது. சுடுகாட்டில் கத்தியால் குத்தியபோதே 'ணங்' என்று பாடிய கடங்களின் பரம்பரையில் இப்படியொரு 'டொப்'பா? ஒரே நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது. "போலி!" என்று கூவினார். "நல்லதை ஒளிச்சு வெச்சுக்கிட்டு, இந்தக் குடும்பம் சங்கத்துக்குப் போலிக் கடத்தைக் குடுத்து ஏமாத்திடுச்சு!"

பூங்காவனம் எழுந்துவிட்டார். "யோவ்! யாரைப் பாத்து ஏமாத்துனேன்ற? வாங்கிக்கினு போனது நீ!"

"அம்மா, நீ சும்மா இரு" என்று கனிமொழி மேடைக்கு வந்தாள். "போலி இல்ல சார். அப்பா வீட்டுல வாசிக்கும்போது சத்தம் வெளியே போகக் கூடாதுன்னு உள்ள பேப்பரைத் திணிச்சிடுவாரு. பழைய நியூஸ் பேப்பரா இருக்கும். எடுத்துட்டுத் தட்டுங்க."

"எடுக்கக் கூடாது" என்றான் விஷால். "தீர்மானம் இருக்கு. அசல் நிலை."

"நிலையாவது கதவாவது, நவுருப்பா" என்று ஜஸ்டின் உள்ளே கையை விட்டார்.

நியூஸ் பேப்பர் வரவில்லை. நாலாக மடித்த வெள்ளைத் தாள் வந்தது. பிறகு இன்னொன்று, இன்னொன்று. மடிப்பின் வழியாகப் பச்சை மை தெரிந்தது. அந்தக் கையெழுத்தை உலகத்திலேயே முதலில் அடையாளம் கண்டுகொண்டவர் ஏகாம்பரம்தான். ஆனால் மைக் ஜஸ்டின் கையில் இருந்தது.

"'தங்கள் இல்லத்தில் பானை தட்டும் ஓசை குறித்து இரண்டாம் மாடியிலிருந்து புகார். காலையில் தட்டுவதை உடனே நிறுத்தவும். செயலாளர்.' இது ஒண்ணு. 'மாலையிலும் நிறுத்தவும்.' இது இன்னொண்ணு. 'மொட்டை மாடி துணி காயப்போட மட்டுமே. பானைக்கு அனுமதி இல்லை.' யப்பா, இன்னா எழ்த்து! 'மோட்டார் ரூமில் தாங்கள் வாசிப்பதாகத் தெரிகிறது. மோட்டாரின் அமைதிக்கு...' மோட்டாருக்கு இன்னா சார் அமைதி?"

யாரோ சிரித்தார்கள். பதினொரு வருடம், முப்பத்தெட்டு நோட்டீஸ். கனிமொழி ஒவ்வொன்றாகக் கையில் வாங்கினாள். திருப்பினாள். பின்பக்கம் அவள் அப்பாவின் பென்சில் எழுத்து.

அவளுக்கும் அது தெரியாது. மைக் இருப்பதை மறந்து வாய்விட்டுப் படித்தாள்.

"'ஐயா, காலையில் நிறுத்திவிட்டேன்.' 'ஐயா, மாடியிலும் நிறுத்திவிட்டேன். அங்கே புறாக்கள் கேட்டுக்கொண்டிருந்தன, அவற்றிடம் சொல்லிக்கொள்ள முடியவில்லை.' 'ஐயா, தங்கள் காகிதம் நல்ல கெட்டி. கடத்துக்குள் வைத்தால் ஓசை நன்றாக அடங்குகிறது. இன்னும் நாலைந்து அனுப்பினால் உதவியாக இருக்கும்.'"

ஆக, வித்வான் ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் எழுதியிருந்தார். கலைஞர்களைப் பற்றி ஏகாம்பரம் கொண்டிருந்த கருத்து தவறு.

கடைசித் தாளில் போன வைகாசித் தேதி இருந்தது. அதையும் படித்தாள்.

"'ஐயா, இப்போது கீழ் வீட்டுக்குக் கேட்காது என்று நம்புகிறேன். எனக்கும் கேட்கவில்லை.'"

நாலு பிளாக்கிலும் அது கேட்டது. இரண்டாம் மாடிக்காரர்கள் நழுவுவதற்காகச் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள்.

கனிமொழி அங்கேயே மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலிக் கடத்தை வயிற்றோடு அணைத்து ஒரு தட்டுத் தட்டினாள். 'ணீங்ங்ங்' என்று அஞ்சரைக் கட்டை கணீரென்று எழுந்து தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பியது. அவள் அழுதாள், அழுதுகொண்டே ஓர் ஆவர்த்தனம் வாசித்தாள். பிறகு கடத்தை டவலில் சுற்றினாள். "சாயந்திரம் கச்சேரி. கெளம்புறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு அம்பத்தூருக்கு ஆட்டோ ஏறினாள். படிவம், பொதுக்குழு, பங்குனி எல்லாம் ஏகாம்பரத்தின் தொண்டை வரை வந்து நின்றுவிட்டன. அந்த ஒரு நாள் அவருக்கும் பேப்பர் அடைத்த மாதிரி இருந்தது.

கூட்டம் கலைந்ததும் அவர் சிதறிக் கிடந்த தாள்களை அவசரமாகப் பொறுக்கத் தொடங்கினார்.

"அங்கிள், என்ன பண்றீங்க?" என்றான் விஷால்.

"குப்பைப்பா. பெருக்குற அஞ்சலைகிட்டக் குடுத்துடலாம்னு..."

"முடியாது அங்கிள். கடம் எண் மூன்றும் அதன் உள்ளடக்கமும். கடம் போயிடுச்சு. உள்ளடக்கம் இருக்கு. நிரந்தரக் காட்சிப் பொருள். அமைப்பாளர் உட்பட யாரும் அகற்றக் கூடாது. உங்க தீர்மானம்தான்."

விதியை மதிப்பதில் இந்தத் தலைமுறையைக் குறை சொல்ல முடியாது. அவன் முப்பத்தெட்டுத் தாள்களையும் நீவி, எண் போட்டு, பெட்டிக்குள் வரிசையாக ஒட்டிப் பூட்டினான். சாவியைச் சிங்கப்பூர்த் தலைவருக்குக் கூரியரில் அனுப்பினான்.

இன்றைக்கும் திருவேற்காட்டுக்குப் போனால் பார்க்கலாம். கண்ணாடிக்குள் பச்சைக் கையெழுத்துகள் முப்பத்தெட்டு. அவற்றுக்கு மேலே, யாரும் அழிக்க முடியாத ஆழத்தில் கிரானைட்டில் வெட்டிய வாசகம்: 'அமரர் உலகநாதனின் இசைக்கு இச்சங்கம் ஆற்றிய தொண்டுக்கு இதுவே சாட்சி.'