தாடிக்காரனும் பீரோவும்

என் மனைவியின் மனசில் வேறொருவன் இருக்கிறான். தாடி வைத்தவன். கேசட் அட்டையில் படமாக இருப்பதால் போய் உதைக்கவும் வழியில்லை.

அது ஒரு ஜாஸ் கச்சேரி. மேடையில் வாசிக்கும்போதே பதிவு செய்தது. நான்கு பேர், தலைவன் தாடிக்காரன். ஆள் உயர வயலின் மாதிரி ஒன்று, பேஸ் என்று பெயர், அதைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடி நிற்கிறான். எழுதிவைத்த மெட்டு கிடையாது. நான்கு பேரும் தோன்றியதை வாசிப்பார்கள். கேட்டால் சுதந்திரம் என்கிறாள். எனக்கு மட்டும் இந்த வீட்டில் அது கிடையாது.

என் மனைவி பல் டாக்டர். சாயங்காலம் கிளினிக்கிலிருந்து வந்ததும் ஹாலில் கேசட்டைப் போட்டு, சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். நான் பேசும்போதும் மூடுவாள். ஆனால் அது தூக்கம்.

"அப்படி என்னதான் இருக்கு அந்தாள்கிட்ட?"

"மத்த மூணு பேரும் வாசிக்கிறதைக் காது குடுத்துக் கேக்கறார். அப்புறம்தான் தன் கையை வைக்கிறார்."

"நான் கேக்கறதில்லையா?"

"இப்ப என்ன சொன்னேன்?"

"தாடியைப் பத்தி ஏதோ..."

பெருமூச்சு விட்டாள். "அந்த இழுப்பைக் கேளுங்க. நம்ம பெட்ரூம் பீரோவை இழுத்தா இப்படித்தான் இருக்கும்."

எனக்கு வயிறு எரிந்தது. கூடவே மூளையும் பற்றிக்கொண்டது. பீரோதானா விஷயம்? நானே இழுத்து, பதிவு செய்து, அவன் கேசட் டப்பாவில் மாற்றிப் போட்டு வைக்கிறேன். சொக்கிப்போய்க் கேட்கட்டும். அப்புறம் உண்மையை உடைத்துத் தாடிக்காரன் மானத்தைக் கப்பலேற்றுகிறேன்!

சனிக்கிழமை அவள் கிளம்பியதும் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனைத் துணைக்கு அழைத்தேன். மனிதர் காரணம்கூடக் கேட்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நான் பீரோவைத் தள்ள, அவர் ஒரு கையால் இழுத்து மறு கையால் குக்கர் மூடியைத் தட்டினார்.

"சார், ஒரே பக்கமா தள்ளுங்க. முன்னும் பின்னும் போனா சங்கதி கெட்டுடும்."

ஞானஸ்தர்! எதிர்ச்சுவர் வரை தள்ளினேன். முடிவில் கைதட்டலும் நானே.

சாயங்காலம் அவள் கேசட்டைப் போட்டுக் கேட்டாள். அரைமணி நேரம் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். எனக்கு என்மேலேயே பொறாமை வந்தது.

"எப்படி?"

"பிரமாதம்."

"அது நான்! நம்ம பீரோ!"

"தெரியுமே. அவர் கச்சேரியில நடுவுல யாரும் 'ஐயோ என் இடுப்பு'ன்னு கத்தறதில்லை."

"தெரிஞ்சுமா கண்ணை மூடிக் கேட்டே?"

"ஆறு மாசமா கெஞ்சியும் நகராத பீரோ. அது நகர்ற சத்தம் கேக்க சுகமா இருக்காதா?"

வாசலில் எலக்ட்ரீஷியன், கையில் பெட்டியோடு. "நீங்க சொன்ன மாதிரியே நடந்துடுச்சும்மா. பீரோவுக்குப் பின்னாடி மறைஞ்சிருந்த பிளக் பாயின்ட் வெளிய வந்தாச்சு. டேப் ரிக்கார்டரை பெட்ரூம்லயே மாட்டிடவா?"

"மாட்டுங்கண்ணா," என்றவள் என்னிடம் கையை நீட்டினாள். "அவரை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

சட்டைப் பையிலிருந்து அசல் கேசட்டை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் தாடிக்காரன் எங்கள் படுக்கையறையில்தான் வாசிக்கிறான். இடுப்பு வலியோடு ஹால் சோபாவில் கிடப்பது நான்.