அடுத்த மாசம் ரூல் மாறுது

பதினோரு வருஷமாக என் பைக் பட்டறையில் இருக்கும் ஒரே ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்; காசு கொடுக்கிற வாடிக்கையாளர் நிற்கிறார். இந்த வயிற்றெரிச்சலோடுதான் ‘ரூல் புலி’ என்னும் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். எங்கள் வீட்டுப் புலி, என் மனைவியின் அண்ணன்.

எப்படி அடையாளம் காண்பது? நீங்கள் பிளக் மாற்ற வந்திருப்பீர்கள். அவர் உங்கள் ஹெல்மெட்டை வாங்கி, பட்டையை இழுத்துப் பார்த்து, இது பழைய ரூல் என்று உதட்டைப் பிதுக்கி, இனிமேல் லைசென்ஸுக்கு இரண்டு டெஸ்ட் என்பதையும், இரண்டாவதில் அதிகாரி பின்னாலேயே வண்டியில் வந்து, காதில் மாட்டிய கருவி வழியாகப் பேசுவார் என்பதையும், ஏதோ தானே கையெழுத்துப் போட்டு அனுப்பியதுபோல் சொல்லி முடிப்பதற்குள் டயரே தேய்ந்துவிடும்.

அவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா? கேட்டீர்களே ஒரு கேள்வி. கிடையாது.

எழுத்துத் தேர்வு வந்தபோது, எடுத்துவிடுவார்கள் என்று காத்திருந்தார். எடுக்கவில்லை, எட்டுப் போடும் கம்பங்களை நெருக்கி நட்டார்கள். அகலமாக்குவார்கள் என்று காத்திருந்தார். டெஸ்ட் இரண்டாகிவிட்டது. “அவசரப்படாதீங்க மாப்ளே, அடுத்த மாசம் மாத்துறாங்க” என்பார். அவசரப்பட்டது நானா?

போன வாரம் அவருக்கு வேலை கிடைத்தது. பைக்கில் கடை கடையாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஐம்பது வயதில் கிடைத்த வேலை. லைசென்ஸ் இல்லாமல் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். எழுத்துத் தேர்வில் முழு மார்க், அதைச் சொல்லவா வேண்டும்? இன்று காலை மைதானத்தில் முதல் டெஸ்ட். கால் தரையில் படக்கூடாது. மனுஷன் நூல் பிடித்ததுபோல் எட்டுப் போட்டார், நான் வாயைப் பிளந்தேன். கடைசி வளைவில் அதிகாரி, இன்னும் கொஞ்சம் மெதுவாக என்றார். தொலைந்தது. புலி வண்டியை நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றி, விரலை உயர்த்தி, முதல் டெஸ்டில் ஓட்டுகிறவனிடம் அதிகாரி பேசக்கூடாது என்று பதினான்காம் பக்கத்தில் இருப்பதை விளக்கினார்.

அதிகாரி பொறுமையாகப் புத்தகத்தைப் புரட்டினார்.

“நீங்க சொல்றது சரிதான் சார். கால் ஊனினா ஃபெயிலுங்கறது அடுத்த பக்கம்.”

பத்து நாள் கழித்து இரண்டு டெஸ்டும் சேர்த்து வைப்பார்களாம். அதற்கு மறுநாள் அவர் வேலையில் சேர வேண்டும். திரும்பி வரும்போது, பின்சீட்டிலிருந்து ஒரு சத்தமில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. ஆள் இருக்கிறாரா, வழியில் விழுந்துவிட்டாரா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ‘மறு டெஸ்டுக்குப் பத்து நாள் இல்லையே, ஏழுதானே’ என்று உங்கள் நாக்கு துறுதுறுத்ததா இல்லையா? துறுதுறுத்திருந்தால் நீங்கள் எங்கள் மச்சானுக்குப் பங்காளி.

பட்டறை வாசலில் இறங்கியவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“மாப்ளே, நாளையிலேர்ந்து நான் எட்டுப் போடுறேன். நீங்க நடுவுல நின்னு தப்புத் தப்பா ரூல் சொல்லிக்கிட்டே இருங்க. கால ஊனாம தாங்குறேனான்னு பாப்போம்.”