சோத்துக்கைப் போர்

“மொப் போடு! மொப் போடு! எல்லாரும் பின்னாலை... ஐயோ, சுவரிலை ஏறாதேங்கோ!”

மைக்கும் கையுமாய் முழங்கியவர் எமிலியானுஸ். மன்னார் ஈன்ற மாவீரர், இத்தாலியப் பலெர்மோவின் மாடிப்படிகளை நாளெல்லாம் துடைத்தும் தேயாத திண்தோளினர், நான்கு சோடியைச் சதுரமாய் நிறுத்திக் குரல் ஒன்றாலேயே ஆட்டிவைக்கும் சதுர நடனச் சக்கரவர்த்தி. வாழ்க அவர் தொண்டை!

அன்று தேவாலயப் பங்குத் திருநாள். வேலைக்குப் போகும் சிஞ்ஞோரா வீட்டு லிப்ட் கண்ணாடி முன்னே நாலு மாதம் ஒத்திகை பார்த்த பிடில் இசை, பென்டிரைவைவிட்டு வெளியே வர மறுத்தது. ஸ்பீக்கர்களின் அதிபதி றொனி புயலெனப் பைலாத் துள்ளிசையை அவிழ்த்துவிட்டான். “அண்ணை, மூண்டுதரம் ஆக்கள் முட்டுப்பட்டால் மைக் எனக்கு!” என்று சபையறியச் சூளும் உரைத்தான்.

அஞ்சினாரா அண்ணல்? ஆங்கிலக் கட்டளைகளை அக்கணமே கடலில் எறிந்தார். ‘கண்ணாடி துடை’ என்றதும் பதினாறு உள்ளங்கைகள் காற்றைத் தேய்த்தன. ‘பஸ் வருகுது’ என்றதும் பிரான்காச்சோ பஸ்சுக்குப் பாயும் படையென எண்மரும் நடுவே நெருங்கினர். ‘பஸ் போட்டுது’ என்றதும் முகம் தொங்கப் பின்வாங்கினர். பைலா பணிந்தது.

திசைதான் தகராறு. ‘வலது’ இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. அதற்கு இத்தாலியர் சொல்லும் ‘தெஸ்த்ரா’ போன மாதம் வன்னியிலிருந்து வந்த மார்க்கண்டருக்கு விளங்கவில்லை. ஆகவே, சோறுண்ணும் எவருக்கும் பொதுவான சொல்லை வாளென உருவினார் வீரர்: “சோத்துக்கைப் பக்கம் திரும்பு!”

ஊழிக்காற்றில் உருண்ட தேர்ச்சக்கரம்போல் எழுவர் வலப்புறம் சுழன்றனர். எட்டாமவள், எமிலியானுஸின் ஏக புதல்வி ஜெசிக்கா, இடப்புறம் சுழன்று, மதயானையை மதயானை மோதினாற்போல் மார்க்கண்டரின் வயிற்றில் மோதினாள்.

“ஒண்டு!” என்றான் றொனி.

“சோத்துக்கை, பிள்ளை! சோத்துக்கை!”

“உஃபா, அப்பா! அங்கைதானே திரும்பினனான்!”

மறுபடி மோதல்.

“ரெண்டு!”

“தங்கச்சி, நான் இப்பத்தான் சாப்பிட்டனான்,” என்று வயிற்றைப் பொத்திக் கெஞ்சினார் மார்க்கண்டர். மூன்றாம் முழக்கத்தில் அந்த மலையே சரிந்தது. மைக் கைமாறியது.

முடியிழந்த மன்னர் மகள்முன் போய் நின்றார். “எங்கை, உன்ரை சோத்துக்கையைக் காட்டு பாப்பம்!”

காட்டினாள்.

எமிலியானுஸ் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவி புனிதமலர் தலையில் அடித்துக்கொண்டாள். “இஞ்சேருங்கோப்பா, பதினாறு வருசமா உங்களுக்கு நேரெதிரை இருந்துதானே சாப்பிடுறாள்!”

ஜெசிக்கா இடக்கையால் சாப்பிடுகிறவள்.