கல்லீரலில் கொழுப்பு, கல்யாணத்துக்குத் தடையில்லை

விழுப்புரம்
11-9-1986

திண்டிவனம் சம்பந்தி பெரியசாமி அவர்கள் சமூகத்திற்கு விருத்தாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் சம்சாரம் லட்சுமியம்மாள், மகள் பூமாலை மூவரும் நலம். என் கல்லீரல் ஒன்றுதான் முக்கால் நலம். அதை விளக்கவே இக்கடிதம்.

"குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டவர் வீட்டில் பெண் எடுக்க எங்கள் மனிதர்கள் தயங்குகிறார்கள், கல்யாணத்தைத் தள்ளிவைப்போம்" என்று எழுதியிருந்தீர்கள். ஐம்பத்து நான்கு வயதில் நான் குடித்ததிலேயே காரமானது சுக்குக் கஷாயம்தான். நடந்தது இதுதான். ஆடி மாதம் வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். இங்கிருக்கும் டாக்டர் அமுக்கிப் பார்த்து, பாண்டிச்சேரி போய் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். வெறும் வயிற்றோடு போய் எடுத்துக்கொண்டு திரும்பினால், பஸ் நிற்கும் இடம் சாராயக்கடை வாசலிலேயே. பட்டினியில் கால் தள்ளாடி, கடையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கெடாரிலிருந்து ஏதோ வேலையாக வந்திருந்த என் பங்காளி பச்சைமுத்து ஓடிவந்து, கைத்தாங்கலாக என்னை பஸ்ஸில் ஏற்றினான். பஸ் விழுப்புரம் சேர்வதற்குள் செய்தி திண்டிவனம் சேர்ந்துவிட்டது.

ரிப்போர்ட்டில் ஈரலில் கொழுப்பு என்றிருந்தது. எத்தனை வருஷமாகக் குடிக்கிறேன் என்று டாக்டர் என் சம்சாரத்தை வைத்துக்கொண்டே கேட்டார். இல்லை என்றேன். சீட்டில் "மறுக்கிறார்" என்று எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்தவள் பீரோவையும் அரிசி டின்னையும் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு தைல பாட்டில்தான் கிடைத்தது. பிறகு நிதானமாகக் கேட்டாள்: "இத்தினி வருசமா சாயங்காலம் நடக்கப் போறேன்னு போய்க்கினு இருந்தீங்களே, எங்க போனீங்க?"

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். ஸ்டேஷன் ரோடு பரோட்டா கடைக்கு. தினம் மூன்று, சால்னாவோடு. மேலே ஒரு ஆம்லெட். குடித்தேன் என்றிருந்தால்கூட அப்படி அழுதிருக்க மாட்டாள். தன் கைச் சமையல் ஆகவில்லையா என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவளே என்னை டாக்டரிடம் இழுத்துப்போய் பரோட்டா கதையை முழுக்கச் சொல்ல வைத்தாள். அவர் "மறுக்கிறார்" என்பதை அடித்துவிட்டுச் சொன்னார்:

"குடிக்காதவங்களுக்கும் இது வருங்க. உடம்பு பெருத்து, சர்க்கரை ஏறினா ஈரல்ல கொழுப்பு சேரும். எனக்கு இப்ப ஈரலப் பத்திகூட பயமில்ல. இந்த மாதிரி ஆளுங்க பல பேர் கடைசியில நெஞ்சு வலின்னுதான் வந்து படுக்கறாங்க. இருதயத்தப் பாத்துடுவோம்."

மகள் கல்யாணத்தைப் பார்ப்பேனா என்று எனக்குத் தோன்றியது. ஈ.சி.ஜி. எடுக்கையில் சம்சாரம் என் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கோடு ஆடுகிறது, கையை எடுங்கள் என்று நர்ஸ் இரண்டு முறை சொன்னார். டாக்டர் காகிதத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பழுதில்லை, சர்க்கரைதான் கொஞ்சம் அதிகம், பன்னிரண்டு கிலோ குறைத்தாக வேண்டும் என்றார். நான் சட்டையை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வந்தேன். அவள் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, அதைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டாள்.

இப்போது கேப்பைக் களியும் கீரையும். சமையலுக்கு மல்லாட்டை எண்ணெய், அதுவும் கரண்டியால் அளந்துதான். சாயங்காலம் நிஜமாகவே நடக்கிறேன். அவளும் கூடவே வருகிறாள்.

ஆகவே தாங்கள் பெரிய மனது வைத்துக் கல்யாணத் தேதியை உறுதி செய்ய வேண்டும். தங்களுக்கும் வயிறு சற்று முன்னே நடப்பதால், ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். தங்கள் மகன் சீனுவாசனுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
விருத்தாசலம்

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் தங்கள் மகன் சீனுவாசனே வந்து நிற்கிறான். நாம் இருவரும் கடிதம் எழுதியே காரியத்தைக் கெடுத்துவிடுவோம் என்று பயந்து, போன வெள்ளிக்கிழமையே அவனும் பூமாலையும் மயிலம் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்களாம். எங்களிடம் டைப்ரைட்டிங் பரீட்சை என்று சொல்லிவிட்டுப் போனவள். ஆகவே மேலே எழுதியதெல்லாம் தேவையில்லை. என் சம்சாரம் பாயசம் வைக்கிறாள். எனக்கு ஒரு கரண்டியாம். தாங்கள் இதை உட்கார்ந்துகொண்டுதான் படிக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.