ஏரிப்புல்லுக்கு வந்த யோகம்

எந்தப் புல்லை மேய்ந்தால் செம்மறியாட்டின் பால் உயர்தரமாக இருக்கும் என்று 1932ஆம் வருஷம் சர்க்காருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆம்பூரில் பிறந்த எவனுக்கும் அப்படியொரு சந்தேகம் வராது. நமக்குச் செம்மறி என்றால் தோல். தோலை உரித்தபின் மிச்சமிருப்பது பிரியாணி. பாலைக் குட்டி குடித்துவிட்டுப் போகும். அதை நாம் விசாரித்ததே கிடையாது.

"மேற்படி விஷயத்தைத் தீர விசாரித்து அறிக்கை சமர்ப்பிக்கவும்" என்ற உத்தரவு, கால்நடை இலாகா குமாஸ்தா தானியேலின் மேஜையில் வந்து விழுந்தது. ஏழு வருஷமாக அவர் ஆக்டிங் குமாஸ்தா. அறிக்கை நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரமாகும் என்று யாரும் சொல்லவில்லை, அவராகவே நம்பிக்கொண்டார்.

முதலில் பாலாற்று மணலில் மேய்ந்த ஆடுகளைப் பார்த்தார். பால் வெறும் தண்ணி. அப்புறம் சீசாவும் கையுமாக ஏரி உள்வாய்க்குப் போனார். தண்ணீர் வற்றிய இடமெல்லாம் பச்சைப் பசேலென்று அருகம்புல். கோவிந்தம்மாளின் நாற்பது ஆடுகளும் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன.

"செம்மறிப் பாலா? இன்னா சார், வூட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லியா?"

"சர்க்காருக்கு வேணும்மா."

"அய்ய! அவங்கள்ட்ட மாடு இல்லியா?"

சிரித்துக்கொண்டே கறந்து கொடுத்தாள். தானியேல் குடிக்கவில்லை. ஒரு சொட்டை விரலில் விட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். நம் ஊரில் தோலை அப்படித்தான் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் புடவையையும் பார்ப்பார்கள், கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் அதையும் பார்ப்பார்கள். பால் கெட்டியாக விரலில் ஒட்டியது.

"ஏரிப்புல்லு சார்! எங்க ஆடுங்களுக்கு உயிரே இதான். நல்லாவே எழுதுங்க" என்றாள் பெருமையாக.

நல்லாவே எழுதினார். இரண்டு மாதத்தில் பதில் வந்தது: "மேற்படி புல் உயர்தரமானது என்று ருசுவாகியிருப்பதால், அதை ஆடுமாடுகள் தின்று வீணாக்காதபடி உடனே முள்வேலி போட்டுப் பாதுகாக்கவும்." பாதுகாப்பு அதிகாரி தானியேல். வேலை நிரந்தரம்.

கோவிந்தம்மாள் வேலிக்கு வெளியே நின்று கேட்டாள்: "அப்போ புல்ல யாரு சார் துன்றது?"

"யாரும் துன்னக் கூடாதும்மா. அதுக்குத்தானே பாதுகாப்பு."

"ஐயோ, என் வாயால நானே கெட்டேனே! குட்டிங்க பாலில்லாம செத்துப்பூடும் சார்!"

தானியேலுக்கு இரக்கம் வந்தது. ஆனால் அது நிரந்தர வேலையில் இருப்பவரின் இரக்கம், சீக்கிரம் போய்விட்டது. ஆடுகள் ஆற்று மணலுக்குப் போயின.

மறு வருஷம் அடுத்த கேள்வி வந்தது: "சென்ற வருஷம் முதல் தரமாயிருந்த மேற்படி மந்தையின் பால் இப்போது கெட்டது ஏன்?"

வேலிதான் காரணம் என்று எழுதினால் வேலி போகும். வேலி போனால் அதைக் காக்கும் வேலையும் போகும். ஒரு பகல் முழுக்கப் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினார்: "ஆடுகளின் ஒத்துழையாமையே காரணம்."

அந்தக் காலத்தில் அந்தச் சொல்லைக் கண்டாலே சர்க்காருக்குக் குலை நடுங்கும். மேற்படி ஆடுகள் ஏரியைச் சுற்றி ஒரு மைலுக்குள் பிரவேசிக்கத் தடை போட்டார்கள். தானியேலுக்குப் பதவி உயர்வு.

ஊரே மாலை போட்டது. தோல் வியாபாரி ஆபித் பாஷா விருந்து வைத்தார். கட்டுப்படியாகாமல் கோவிந்தம்மாள் அவரிடமே விற்ற ஆடுகள்தான் பிரியாணியில் இருந்தன. சாப்பிட்டுக் கை கழுவியதும், அந்தத் தோல்களில் ஒன்றை எடுத்து விரலால் தேய்த்தார் பாஷா. முகம் செத்துவிட்டது.

"இன்னாய்யா இது, காகிதமா இருக்குது! இந்த மந்தைத் தோலுக்குச் சீமை வரைக்கும் பேரு இருந்ததே! பேஜாரா போச்சே!"

ஊர் முழுக்க வரிசையில் வந்து தேய்த்துப் பார்த்தது. தானியேலும் தேய்த்தார். விருந்துக்கு வந்தவர்களில் காரணம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சொல்ல வாயெடுத்தார், கழுத்து மாலை உறுத்தியது.

"சர்க்காருக்கு ஒரு மனு எழுதுவோம். வந்து விசாரிக்கட்டும்" என்றார்.

பலத்த கைதட்டல். பாஷா முதல் கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்றிருந்த கோவிந்தம்மாளிடம் கைநாட்டு வாங்க மையோடு போனார்கள். அவள் தானியேலைப் பார்த்தபடி இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் சார். போன தபாவே நல்லா எழுதிட்டீங்க."