படிவத்தில் கட்டமில்லாத காரணம்

அரிசோனாவின் ஓய்வுபெற்றோர் குடியிருப்புகளில், அந்த வருஷம் முழங்கால் மூட்டை மாற்றிக்கொள்வதைவிடச் சேமிப்புக் கணக்கை மாற்றிக்கொள்வதே கௌரவமாகக் கருதப்பட்டது. பழைய கணக்கென்றால் பணம் எடுக்கும்போதெல்லாம் வரி. ராத் கணக்குக்கு மாற்றினால் மொத்த வரியையும் இப்போதே கட்டிவிட்டுச் சாகும்வரை நிம்மதி. நீச்சல்குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு எல்லாரும் இதையே பேசினார்கள்.

வெண்டல் ஓக்கர்ஸ்ட்ரம் பள்ளிப் பேருந்து மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். எழுபத்தாறு வயது. அந்தக் குளத்தில் இன்னும் மாற்றாதவர் அவர் ஒருவர்தான்.

"கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்களேன்" என்றாள் மனைவி மார்ஜீன்.

"பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாவா புடுங்குவாங்க?"

நாலு லட்சம் டாலரையும் ஒரே நாளில் மாற்றினார். வரி கட்ட வீட்டை அடமானம் வைக்க வேண்டியிருந்தது. குளத்தில் கைதட்டினார்கள்.

இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. மாற்றிய தொகை முழுவதும் அந்த வருஷத்து வருமானமாகக் கொள்ளப்பட்டு அன்னார் உயர்வருமானப் பிரிவில் சேர்க்கப்பட்டிருப்பதால், தம்பதியரின் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் ஏறக்குறைய மூன்று மடங்காக உயர்த்தப்படுகிறது.

இருவரும் காப்பீட்டு அலுவலகத்துக்கு ஓடினார்கள். டெல்ஃபீன் என்ற அதிகாரி படிவத்தை எடுத்தாள்.

"வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட சம்பவம் ஏதாவது இருந்தா குறைக்கலாம் சார். மனைவி இறந்துட்டாங்களா?"

"இதோ பக்கத்துல உட்கார்ந்திருக்கா."

"அப்ப அது தேறாது. விவாகரத்து?"

"நாப்பத்தெட்டு வருஷமா ஒண்ணாத்தான் இருக்கோம்."

"அதுவும் தேறாது."

"புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன்னு எழுதலாமாம்மா?"

"அதுக்குக் கட்டம் இல்ல சார். இருந்தா இந்தக் கவுண்டர் தாங்காது."

மார்ஜீன் படிவத்திலிருந்த சம்பவப் பட்டியலை வெகுநேரம் பார்த்தாள். "இருக்கறதுல விவாகரத்துதான் உயிருக்குச் சேதமில்லாதது" என்றாள்.

மூன்றாம் மாதம் சட்டப்படி பிரிந்தார்கள். நீதிமன்றத்திலிருந்து ஒரே காரில் வீடு திரும்பி, ஒரே மேஜையில் சூப் குடித்தார்கள். மறுநாள் தீர்ப்பு நகலோடு போனார்கள்.

டெல்ஃபீன் கணினியைத் தட்டினாள். "விவாகரத்தை ஏத்துக்கிட்டோம் சார். மனு தள்ளுபடி. உங்க வருமானம் குறைஞ்சது பிரிஞ்சதால இல்லையே, கணக்கை ஒரு தடவைதான் மாத்த முடிஞ்சதால. அதோட, இனிமே நீங்க தனி ஆள். தனி ஆளுக்கு வருமான வரம்பு பாதிதான்."

வெண்டலின் காது சிவந்தது. மார்ஜீன் பக்கம் திரும்பி, "மறுபடி கட்டிக்கிறியா?" என்றார்.

"ஒரு வாரம் யோசிக்கணும். இந்தத் தடவை விவரம் தெரிஞ்சவங்க யாரையாவது கேட்டுட்டுத்தான்."

டெல்ஃபீன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சார், அடுத்த வருஷம் நானும் ரிடையர் ஆகறேன். எங்க ஆபீஸ்ல எல்லாரும் சேமிப்புக் கணக்கை மொத்தமா மாத்தறாங்க. உங்களுக்கு மாத்திக் கொடுத்தவரோட நம்பர் இருக்கா?"

வெண்டல் அவளுடைய பேனாவையே வாங்கி, தெளிவாக எழுதிக் கொடுத்தார்.